ஆடி விழாவை முன்னின்று நடத்த நாலே பேர். எதை வைக்கலாம், எதை விடலாம்?

#1
கன்னங்குறிச்சிக்காரி | ஜூலை 2, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கமுங்க. சேர்வராயன் மலை அடிவாரத்துல கன்னங்குறிச்சிப் பக்கம் எங்க தெரு. சின்ன மாரியம்மன் கோயில். ஒரு வேப்பமரம், ஓடு போட்ட முன்மண்டபம், அவ்வளவுதான். வரி கட்டற வீடு அறுபது சொச்சம்.

போன வருஷம் வரைக்கும் ஒரு பெரியவர்தான் எல்லாத்தையும் எடுத்து நடத்தினார். விழா தொடங்கற பூச்சாட்டுல இருந்து, கோயில் முன்னால நட்ட கம்பத்தை எடுக்கற வரைக்கும் அவர் வாய்ச்சொல்தான். இந்த வருஷம் அவருக்கு ஒரு பக்கம் கை கால் வரல. படுக்கையில இருந்தபடியே நோட்டை என் கையில குடுத்து, "நீ நடத்தும்மா"ன்னுட்டார். நான் தனியார் ஆபீஸ்ல கணக்கு எழுதறவ. கோயில்ல கோலம் போட்டிருக்கேன், மாவிளக்கு எடுத்திருக்கேன். விழாவை நடத்தினதில்ல.

கூட நிக்கறது யாருன்னு எண்ணிப் பாத்தா நாலு பேரு. எழுபதைத் தாண்டின பூசாரி ஐயா, என் தம்பி பொண்டாட்டி, ரிட்டயர்டான ஒரு வாத்தியார், பிளஸ் டூ படிக்கற ஒரு பையன். மத்த பசங்க பெங்களூரு, திருப்பூர், கோயமுத்தூர்னு போயிட்டாங்க.

நோட்டுல இருக்கற பட்டியல்: பூச்சாட்டு, கம்பம் நடுதல், காப்பு, பதினஞ்சு நாள் கம்பத்துக்குத் தண்ணி ஊத்தறது, சக்தி அழைப்பு, கரகம், தீச்சட்டி, பொங்கல், மாவிளக்கு, கூழ், அன்னதானம், ஆர்கெஸ்ட்ரா, வண்டி வேடிக்கை (சாமி வேஷம் கட்டி ஜோடிச்ச வண்டியில வர்றது), மஞ்சள் நீராட்டு. நாலு பேரு இதையெல்லாம் செய்ய முடியாது. ஆனா எதை எடுத்தாலும் யாராவது ஒருத்தர் "அது இல்லாம ஆடியா?"ன்னு கேக்கறாங்க. நடத்தின அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

#2
குகைத்தறி | ஜூலை 2, இரவு 10:25

அம்மணி, பெரியவர் நோட்டை உங்க கையில குடுத்திருக்கார்னா அது சும்மா இல்ல. தைரியமா எடுங்க.

ஆனா ஒண்ணு. சேலத்துல ஆடின்னா அது ஒரு கோயில் சமாச்சாரம் இல்ல. கோட்டை மாரியம்மன் எட்டுப் பேட்டைக்கும் பெரியவ. அங்க பூச்சாட்டுன உடனே ஒவ்வொரு பேட்டையிலயும் சாட்டுவாங்க. குகை வண்டி வேடிக்கையைப் பாக்க எங்கிருந்தெல்லாம் ஜனம் வருதுன்னு உங்களுக்கே தெரியும். இதுல ஒரு தெரு தன் இஷ்டத்துக்குக் குறைச்சுக்கிட்டா, அடுத்த வருஷம் இன்னொண்ணு குறையும். அப்புறம் ஒண்ணும் மிஞ்சாது. எங்க பக்கம் அப்படி நின்னுபோன கோயில் விழாவை நான் கண்ணால பாத்திருக்கேன்.

வண்டி வேடிக்கையை விடுங்க, ஆர்கெஸ்ட்ராவை விடுங்க. கம்பமும் கரகமும் தொடாதீங்க. நேர்ந்துக்கிட்டவங்க கடனைத் தடுக்காதீங்க.

#3
மலைக்காபி | ஜூலை 3, காலை 6:50

அக்கா, நான் ஏற்காட்டுக்கு மேல ஒரு கிராமம். எங்க மலையில சேர்வராயன் கோயில் திருவிழா மே மாசம் நடக்கும். உச்சியில, குகைக்குள்ள சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்காங்க. மலைக்கிராமத்து ஜனமெல்லாம் அன்னிக்கு அங்கதான். அது பெருசு. அதை விடுங்க.

எங்க ஊருக்குள்ள நடக்கற சின்ன நோம்பியைப் பத்திச் சொல்றேன். முப்பது வீடு இருந்தா அதிகம். ஆனா ஆள் இல்லைன்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. ஏன்னா "யாராவது வாங்க"ன்னு ஊர்ப் பெரியவர் கேக்க மாட்டார். வீட்டுக்கு ஒரு ஆள், இந்த வீடு விறகு, இந்த வீடு தண்ணி, இந்த வீடு வாசல் மெழுகறதுன்னு முறை இருக்கு. போன தடவை விறகுன்னா இந்தத் தடவை தண்ணி. வீட்டுல ஆம்பள இல்லைன்னா பொம்பள வருவா, அவளும் இல்லைன்னா பேரன் வருவான். பேரன் எட்டு வயசுப் பையனா இருந்தாலும் அந்த வீட்டு முறை கழிஞ்சதுன்னு அர்த்தம்.

நீங்க அறுபது வீட்டுக்காரங்க. நாலு பேருன்னு எண்ணாதீங்க அக்கா.

#4
பெங்களூர்_பஸ் | ஜூலை 3, மதியம் 1:15

ஊரை விட்டுப் போன பசங்கள்ல நானும் ஒருத்தன். உங்க தெரு இல்ல, அழகாபுரம். எங்க பக்கத்து ஞாயத்தையும் கேளுங்க அக்கா.

எனக்கு வருஷா வருஷம் வர்ற போன் ஒண்ணுதான்: "தம்பி, உன் பங்கு ஆயிரம் ஜிபே பண்ணிடு." பண்ணிடுவேன். லீவு போட்டு வந்தா நாற்காலி தூக்கச் சொல்வாங்க. கரகம் ஜோடிக்கறப்ப பக்கத்துல நின்னா "அந்தாண்ட போடா"ம்பாங்க. எதுக்கு மூணு கிளை இருக்கற கம்பம், எதுக்கு வேப்பிலை, சக்தி அழைக்கற இடத்துல ஏன் பேசக்கூடாது, எதையும் சொன்னதில்ல. கேட்டா கோபம். பத்து வருஷம் அப்படிப் போனா அந்தப் பையன் ஏன் வரப் போறான்?

எனக்கு நிஜமாவே வரணும்னு ஆசை. "ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணிக்குக் கூழ் அடுப்பு உன் பொறுப்பு, நீ வரலைன்னா கூழ் இல்ல"ன்னு யாராவது சொல்லட்டும். சனி ராத்திரி பஸ் ஏறிடுவேன். எனக்குன்னு ஒரு வேலை இருக்குன்னு தெரியணும். அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு விஷயம். பொங்கல் புதன்கிழமைன்னா எங்களால வர முடியாது. கோட்டை மாரியம்மன் ஆடிப் பொங்கலுக்கு விடற உள்ளூர் விடுமுறை சேலம் மாவட்டத்துக்குத்தான்.

#5
வடக்கு_இங்கிலாந்து | ஜூலை 3, இரவு 11:30

நான் பொன்னம்மாபேட்டைக்காரி. இங்க நர்ஸ் வேலை. இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு எழுதறேன். உபயோகப்பட்டா எடுத்துக்கோங்க.

என் கூட வேலை பாக்கறவ ஒருத்தி, தன்னைப் பேகன்னு சொல்லிக்கறவ. கிறிஸ்தவத்துக்கு முந்தின நாட்டுவழிபாட்டைத் திரும்ப எடுத்துச் செய்யறவங்க. வருஷத்துல எட்டு நாள் கூடுவாங்க. நீளமான பகல், நீளமான ராத்திரி, பகலும் ராத்திரியும் சமமா வர்ற ரெண்டு நாள், இந்த நாலுக்கும் நடுவுல வர்ற நாலு நாள். இப்ப ஆகஸ்ட் 1 வாக்குல வர்றது லூனாசா. லாமாஸ்னும் சொல்வாங்க. முதல் அறுவடைக் கோதுமையில ரொட்டி சுடற நாள். நமக்கு ஆடி விதைப்பு, அவங்களுக்கு அறுப்பு.

அவ கூப்பிட்டுப் போயிருக்கேன். மொத்தமே பத்துப் பேருக்குள்ளதான் இருப்பாங்க. கோயில் கிடையாது, ஒரு தோப்பு. வட்டமா நிப்பாங்க. நாலு திசையையும் கூப்பிடணும்: கிழக்கு காத்து, தெற்கு நெருப்பு, மேற்கு தண்ணி, வடக்கு மண். நடத்தறவ நாலையும் தானே கூப்பிட்டுக்கலாம். ஆனா அவ அப்படிச் செய்ய மாட்டா. வந்தவங்கள்ல நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு திசை. புதுசா வந்தவங்களுக்கு ஒரே ஒரு வரி. பேப்பர் வெச்சுப் படிக்கக் கூடாது, தப்பா சொன்னாலும் பரவாயில்ல. எனக்கு மேற்கு குடுத்தா. நான் தண்ணியைத் தமிழ்லயே கூப்பிட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல.

நான் கவனிச்சது இதுதான். ஆள் குறைவுன்னு அவ தன் வேலையைக் கூட்டிக்கல. தன் வாயில இருந்து எடுத்து மத்தவங்க வாயில குடுத்தா. கடைசில ரொட்டியும் குடிக்கறதும் வட்டத்தைச் சுத்தி வரும். அதை ஆரம்பிக்கறது கூட அவ இல்ல, வயசுல சின்னவ ஒருத்தி.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த எட்டு நாளையும் ஒரே வரிசையாக் கோத்தது 1950கள்ல. ஜெரால்டு கார்ட்னர், ராஸ் நிக்கல்ஸ் இவங்க வட்டாரத்துல. அதுக்கு முன்னால தனித்தனி ஊர்ல தனித்தனியா இருந்த நாள்கள். சேத்துக் கட்டினதுன்னு தெரிஞ்சும் மனசாரத்தான் செய்யறாங்க. நாமளும் பதினஞ்சு நாளை எட்டு நாள் ஆக்கினா அம்மன் கோவிச்சுக்க மாட்டான்னு நான் நம்பறேன்.

#6
குகைத்தறி | ஜூலை 4, காலை 7:10

தங்கச்சி, நீங்க சொன்னது நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்களுது புதுசாச் சேத்துக் கட்டினது. அதுல எதை எடுத்தாலும் கேக்க யாருமில்ல. நம்மளுது அப்படி இல்லையே. அம்மை வந்து புள்ளையைப் பறிகொடுத்தவங்க, "அடுத்த புள்ளை பொழைச்சா வருஷா வருஷம் தீச்சட்டி எடுக்கறேன்"னு சொல்லி வாக்குக் குடுத்தது. அந்த வாக்கு பேரன் தலையில வந்து நிக்குது. அதை நாம எழுதி அழிக்க முடியுமா?

எட்டு நாள் சாட்டு வேற ஊர்ல உண்டு. அதை நான் தப்புன்னு சொல்லல. அம்மன்கிட்டக் கேட்டுச் செய்யுங்க. பூக்கட்டிப் போட்டுப் பாருங்க. நீங்களா முடிவு பண்ணி மைக்ல அறிவிக்காதீங்க.

#7
மின்னல்_அண்ணன் | ஜூலை 4, காலை 11:05

நான் எலக்ட்ரீஷியன். ஆடியில மட்டும் ரெண்டு டஜன் கோயிலுக்கு சீரியல் செட் போடறவன். சாங்கியத்தைப் பத்திப் பேச எனக்குத் தகுதியில்ல. உயிர் சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்றேன்.

ஆள் குறைவான விழாவுல முதல்ல தவறறது பாதுகாப்புதான். யாரும் வேணும்னு விடறதில்ல, அதுக்குன்னு ஒரு ஆள் இல்லாம போயிடும். கரண்ட் கம்பத்துல கொக்கி போடாதீங்க. மின்வாரியத்துல தற்காலிக இணைப்பு எழுதி வாங்குங்க. லைட்டு போடற ஆள்கிட்ட இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தா கரண்டைத் துண்டிக்கற கருவி) இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா வேற ஆளைப் பாருங்க. ஈர மண்ணு, மஞ்சத் தண்ணி, வெறுங்கால். இந்த மூணும் சேர்ற இடத்துல அது இல்லாம ஒயர் இழுக்கக் கூடாது.

ஆடிக்காத்துல அம்மியே பறக்கும். மலையடிவாரத்துல சொல்லவே வேணாம். தகரப் பந்தலுக்கு நாலு பக்கமும் கட்டு போடணும். பிளெக்ஸ் வேணாம், மேல விழுந்தா ஆளைச் சாய்ச்சிடும்.

தீச்சட்டிக்கும் தீமிதிக்கும் ஆரம்பத்துல ரெண்டு பேரு, முடிவுல ரெண்டு பேரு, நடுவுல தண்ணியோட ஒருத்தர், இது குறைஞ்சபட்சம். அஞ்சு பேரை அதுக்கு மட்டும்னு ஒதுக்க முடியலைன்னா நடத்தாதீங்க. குகைத்தறி ஐயா கோவிச்சுக்கக் கூடாது. நான் அப்படி ஒரு இடத்துல கரண்டை ஆஃப் பண்ணிட்டு ஓடினவன்.

ஒலிபெருக்கி ராத்திரி 10ல இருந்து காலை 6 வரைக்கும் கூடாது. 2000ஆம் வருஷத்து ஒலிமாசு விதி. போலீஸ் அனுமதி கேக்கறப்ப நேரத்தையும் எழுதிக் குடுத்துடுங்க.

#8
கன்னங்குறிச்சிக்காரி | ஜூலை 4, இரவு 9:20

எல்லாருக்கும் நன்றிங்க. ஒவ்வொண்ணையும் ரெண்டு மூணு தடவை படிச்சேன்.

மலைக்காபி தம்பி சொன்னதைக் கேட்டு நோட்டைத் திரும்பப் புரட்டினேன். அப்ப ஒண்ணு தெரிஞ்சுது. பட்டியல்ல ரெண்டு வகை இருக்கு. மாவிளக்கு, பொங்கல், கம்பத்துக்குத் தண்ணி ஊத்தறது, இதெல்லாம் ஒவ்வொரு வீடும் தானே தூக்கிக்கிட்டு வர்றது. அரிசியை இடிச்சு, வெல்லம் போட்டுப் பிசைஞ்சு, தட்டுல விளக்கேத்திக் கொண்டுவர்றதுக்கு நான் ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல. நூறு வீடு வந்தாலும் எனக்கு அதே வேலைதான். அன்னதானம், ஆர்கெஸ்ட்ரா, வண்டி வேடிக்கை, இதெல்லாம் ஒரு கும்பல் செய்யணும், மத்தவங்க உக்காந்து பாக்கணும். எங்க தெரு களைச்சுப் போனது இந்த ரெண்டாவது வகையாலதான்.

முதல் வகையை எதையும் விடப் போறதில்ல. ரெண்டாவதுல கூழ் மட்டும். அதுவும் ஒவ்வொரு வீட்டுக் கேழ்வரகும் ஒரே அண்டாவுல விழறதால.

தனியா ஒரு கவலையும் இருக்கு. பொங்கல் அன்னிக்கு எனக்குத் தூரம் வந்துட்டா? பொம்பளைங்க நடத்தற இடத்துல இதைப் பேசாம விட முடியாது. நோட்டோட பிரதி ஒண்ணு எழுதி வாத்தியார் கையில குடுத்துட்டேன். நான் வாசலுக்கு வெளிய நிக்க வேண்டி வந்தாலும் விழா நிக்காது. ஜுரம் வந்தாலும் இதேதான்.

#9
வாடகை_வீடு | ஜூலை 5, காலை 8:35

அம்மாபேட்டையில ஏழு வருஷமா குடியிருக்கேன். ஊர் தருமபுரி. வீட்டுக்காரர் வெள்ளிப் பட்டறையில கொலுசை நெருப்புல பத்த வெச்சு ஒட்டற வேலை பாக்கறார்.

அக்கா, நீங்க "வரி கட்டற வீடு அறுபது"ன்னு எழுதியிருக்கீங்க. உங்க தெருவுல மொத்தம் எத்தனை வீடு?

எங்க தெருவுல மேளம் அடிச்சுக்கிட்டு வரிக்கு வர்றவங்க எங்க வாசலைத் தாண்டிப் போயிடுவாங்க. "அவங்க வாடகைக்கு இருக்கறவங்க"ன்னு சொல்றது காதுல விழும். என் மகளுக்குக் கரகம் பின்னாடி முளைப்பாரி எடுக்கணும்னு ஆசை. யாரைக் கேக்கறதுன்னு தெரியல. கூழ் ஊத்தறப்ப சொம்போட போய் வரிசையில நிப்பேன். அது கிடைக்கும். ஆனா அந்த அண்டாவைக் கிளற ஒரு கை வேணுமான்னு யாரும் கேட்டதில்ல. எங்க ஊர்ல எங்கம்மா கிளறினதைப் பாத்து வளந்தவ நான்.

உங்ககிட்ட ஆள் இல்லைன்னு சொல்றீங்க. எங்களை மாதிரி இருக்கறவங்களைக் கேட்டுப் பாத்தீங்களா? கோவமா எழுதல அக்கா. கேட்டா வருவோம்.

#10
குகைத்தறி | ஜூலை 5, காலை 9:50

வரி முறைன்னு ஒண்ணு எதுக்கு வெச்சாங்கன்னு யோசிக்கணும். வரி குடுத்தவனுக்குத்தான் மரியாதை, சண்டை வந்தா பேச உரிமை. நாளைக்கு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறவங்களுக்கு முறை குடுத்தா கணக்கு யார் சொல்றது? அந்தப் பொண்ணு மனசு நோகணும்னு இதைச் சொல்லல.

#11
வடக்கு_இங்கிலாந்து | ஜூலை 5, மதியம் 2:00

ஐயா, நான் இங்க வாடகை வீட்டுலதான் இருக்கேன். எனக்கு மேற்குத் திசையைக் குடுத்தாங்க.

#12
கன்னங்குறிச்சிக்காரி | ஜூலை 6, மாலை 6:45

வாடகை_வீடு தங்கச்சி, நேத்து பூரா உங்க கேள்விதான் மனசுல. இன்னிக்கு நானும் வாத்தியாரும் தெருவை நடந்து எண்ணினோம். மொத்தம் நூத்துப் பதினெட்டுக் குடித்தனம். மாடிக்கு மாடி, பின்கட்டுக்குப் பின்கட்டு. பாதிப் பேரு கேக்கப்படாதவங்க.

இதுக்கு வழி நம்ம முறையிலயே இருக்கு. மடிப்பிச்சை. மஞ்சச் சேலை கட்டிக்கிட்டு, "மாரியாத்தாளுக்கு மடிப்பிச்சை"ன்னு வாசல் வாசலா நிக்கறது. அதுல வரி கிடையாது, ரசீது கிடையாது, சொந்த வீடு வாடகை வீடுன்னு கிடையாது. ஒரு கைப்பிடி கேழ்வரகு போட்டா போதும், அந்த வீடு கூழுல சேந்தாச்சு. எங்க தெருவுல அதைப் பல வருஷமா விட்டுட்டாங்க. பணமா வாங்கறது சுளுவுன்னு.

இந்த வருஷம் நானும் தம்பி பொண்டாட்டியும் எடுக்கப் போறோம். ஒவ்வொரு வாசல்லயும் மடியில தானியம் வாங்கின கையோட, ஒரு வேலையைச் சொல்லிட்டு வருவோம். "உதவி பண்ணுங்க"ன்னு இல்ல. "உங்க வீடு புதன் காலைல வேப்பிலை", "உங்க வீடு அண்டா கழுவறது"ன்னு.

குகைத்தறி ஐயா, வரி முறையை நான் தொடல. காப்பு கட்டறதும் கரகம் எடுக்கறதும் யார் முறையோ அவங்களுதுதான். கிளறற கைக்கும், தண்ணி சுமக்கற தோளுக்கும் வரி ரசீது எதுக்குங்க? அம்மை வந்தப்ப அவ சொந்த வீடு பாத்து வரல.

#13
குகைத்தறி | ஜூலை 6, இரவு 8:15

மடிப்பிச்சை நல்ல யோசனை. எங்க அம்மா எடுத்திருக்காங்க. செய்யுங்க.

#14
எல்லைப்பிடாரி | ஜூலை 7, காலை 10:30

யாரும் பேசாத ஒண்ணு. அருள் வர்றவங்க.

பம்பை சத்தம் ஏறினா எங்க, யாருக்கு, எத்தனை பேருக்கு வரும்னு சொல்ல முடியாது. ஒரே நேரத்துல மூணு பேருக்கு வந்தா நாலு பேரு விழாவுல யார் பிடிக்கறது? நடத்தறவங்க ஓடிப் போய்ப் பிடிச்சா கரகம் அங்கயே நிக்கும். என் மாமியாருக்கு வரும். அதனால இருபது வருஷமா இந்த வேலை என்னுது.

ரெண்டு பொம்பளைங்களை அதுக்கு மட்டும் நிறுத்துங்க. வயசானவங்களா, பதறாதவங்களா இருக்கணும். இடுப்புல ஒரு மடிப்பு விபூதி, எலுமிச்சம்பழம், ஒரு சொம்புத் தண்ணி. ஆடறவங்களை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பின்னால கையை விரிச்சு நிக்கணும், சேலை விலகாம பாத்துக்கணும், நெருப்புப் பக்கம் போக விடக் கூடாது. வாக்கு சொன்னா ஒருத்தர் கேட்டுக்கணும், பாதியில வெட்டக் கூடாது. அருள் மலையேறின பிறகு உக்கார வெச்சுத் தண்ணி குடுத்து, வீடு வரைக்கும் ஒருத்தர் கூடப் போகணும். இதைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க. ஆடி முடிச்சவங்க தனியா, கால் நடுங்க நடந்து போறதைப் பாத்தா எனக்கு வயிறு எரியும்.

நடத்தறவங்களுக்கு இன்னொண்ணு. நீங்க கும்பிட ஒரு நேரம் ஒதுக்குங்க. இல்லைன்னா கணக்கும் சாவியும் தூக்கிக்கிட்டு ஓடி, அம்மன் முகத்தைப் பாக்காமலே விழா முடிஞ்சுடும். உங்க மாவிளக்கை நீங்களே எடுத்து வாங்க. அந்த அரை மணி நேரம் யாரும் உங்களை எதுவும் கேக்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க.

#15
கன்னங்குறிச்சிக்காரி | ஜூலை 20, இரவு 9:55

ஆடி பொறந்தாச்சு. போன வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால பூக்கட்டிப் போட்டோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம், ஒரு சின்னப் புள்ளையை எடுக்க வெச்சோம். பதினஞ்சு நாளை எட்டு நாளாக்க உத்தரவு கேட்டோம், வெள்ளை வந்துது. தீச்சட்டியை இந்த வருஷம் நிறுத்தலாமான்னு கேட்டோம், செவப்பு வந்துது. கோயிலே அமைதியாயிடுச்சு. குகைத்தறி ஐயாவை நினைச்சுக்கிட்டேன்.

அதனால தீச்சட்டி உண்டு. ஆனா நேந்துக்கிட்ட மூணு பேரு மட்டும், கோயிலைச் சுத்தி ஒரே சுத்து, ஊர்வலம் கிடையாது. மின்னல் அண்ணன் சொன்ன அஞ்சு பேரு யாருன்னு பேரெழுதி ஒட்டியாச்சு. அதுல ரெண்டு பேரு பட்டறை வேலைக்காரங்க, தெருவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகல. நெருப்போட தினமும் புழங்கறவங்க.

நாளையும் மாத்தினோம். கோட்டை மாரியம்மன் பொங்கல் புதன் அன்னிக்குச் சேலத்துல பம்பைக்காரங்க யாரும் கிடைக்க மாட்டாங்க, வ.உ.சி. மார்க்கெட்ல பூ விலையும் கேக்க முடியாது. அடுத்த புதன், ஆகஸ்ட் 13க்குப் பொங்கல் வெச்சிருக்கோம். விடுமுறை இல்லாததால விடியக்காலையில ஆரம்பிச்சு எட்டு மணிக்குள்ள முடிக்கறோம், வேலைக்குப் போறவங்க போகலாம். கூழ் அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை.

பெங்களூர்_பஸ் தம்பி, உங்க எழுத்தை அப்படியே எங்க பசங்க குரூப்ல போட்டேன். நாலு பேரு வர்றேன்னுட்டாங்க. அவங்களுக்குக் கூழ் அடுப்பு. அதுக்கு முன்னால பூசாரி ஐயாகிட்ட அரை மணி நேரம் உக்கார வெச்சு எல்லாத்தையும் கேக்கச் சொல்லியிருக்கேன். ஐயாவுக்கு அவ்வளவு சந்தோஷம். "இத்தனை வருஷமா யாரும் கேக்கல சாமி"ங்கறார்.

#16
கன்னங்குறிச்சிக்காரி | ஆகஸ்ட் 16, மாலை 5:10

வியாழக்கிழமை மஞ்சள் நீராட்டு முடிஞ்சு கம்பம் எடுத்துக் கிணத்துல விட்டாச்சு.

மடிப்பிச்சைக்கு நூத்துப் பதினெட்டு வாசல்ல நூத்து ரெண்டு திறந்துது. ஒரு வீட்டுல பீகார்ல இருந்து வந்த பொண்ணு, கேழ்வரகு இல்லைன்னு கோதுமை மாவு போட்டா. வாங்கிக்கிட்டோம், அதை மாவிளக்குப் பக்கத்துல தனித் தட்டுல வெச்சோம். எட்டு நாளும் காலைல கம்பத்துக்குத் தண்ணி ஊத்த வந்தது முக்கால்வாசி குழந்தைங்கதான். பள்ளிக்கூடப் பையோட வந்து மஞ்சத் தண்ணி ஊத்திட்டு அப்படியே பஸ் ஏறினாங்க.

பொங்கல் அன்னிக்கு மழை. விறகு நனைஞ்சு புகைஞ்சுது. எட்டு மணின்னு சொன்னது ஒன்பதரை ஆச்சு. அதுக்குள்ள சில பேரு பொங்கறதுக்கு முன்னாலயே வேலைக்குக் கிளம்ப வேண்டியதாப் போச்சு, அவங்க பானையை பக்கத்து வீட்டுக்காரங்க பாத்துக்கிட்டாங்க. அருள் ரெண்டு பேருக்கு வந்துது. எல்லைப்பிடாரி அக்கா சொன்னபடி நிறுத்தின ரெண்டு பாட்டிங்களும் கடைசி வரைக்கும் கூட நின்னு வீட்டுல விட்டுட்டு வந்தாங்க. தீச்சட்டி ஒரு சுத்து, பத்து நிமிஷம், யாருக்கும் ஒண்ணும் ஆகல.

ஆர்கெஸ்ட்ரா இல்லைன்னு குறை சொன்னவங்க உண்டு. ஒரு குடும்பம் வரியே தரல. அவங்க வீட்டுக்கும் கூழ் அனுப்பினேன்.

என் மாவிளக்கை நானே எடுத்துக்கிட்டுப் போனேன். வாத்தியார் வாசல்ல நின்னு யாரையும் என்கிட்ட விடல. அம்மன் முன்னால நின்னப்ப அழுகை வந்துது. நின்னு அழுதேன்.

பெரியவரை நாற்காலியோட தூக்கிக்கிட்டு வந்தாங்க பசங்க. யாரும் சொல்லல, அவங்களா செஞ்சது.

#17
குகைத்தறி | ஆகஸ்ட் 16, இரவு 7:40

நல்லா நடத்திட்டீங்க அம்மணி. பூ செவப்பு வந்ததை மறைக்காம எழுதினீங்க பாருங்க, அதுக்காகவே இதைச் சொல்றேன். எங்க தெருவுல அடுத்த வருஷம் மடிப்பிச்சையைப் பத்திப் பேசணும்னு இருக்கேன்.

#18
வாடகை_வீடு | ஆகஸ்ட் 17, காலை 9:00

அக்கா, எங்க தெருவுலயும் தை மாசத்துக்கு ஏதாவது செய்யலாம்னு நாங்க வாடகைக்கு இருக்கறவங்க ஆறு பேரு பேசிக்கிட்டோம். இந்த இழையைப் படிச்சுக் காட்டினேன். கோயில்காரங்ககிட்டக் கேட்டோம், கூழ் நீங்க காய்ச்சுங்கன்னுட்டாங்க. இருநூறு பேருக்கு எவ்வளவு மாவு, எவ்வளவு நேரம்னு சொல்றீங்களா? எங்கம்மா கைக்கணக்குல போடுவாங்க, எனக்கு அது வராது.

#19
கன்னங்குறிச்சிக்காரி | ஆகஸ்ட் 17, காலை 10:20

சொல்றேன் தங்கச்சி. எங்களுக்கும் கிட்டத்தட்ட அதே கூட்டம்தான். கேழ்வரகு மாவு எட்டு கிலோ, பச்சரிசி நொய் ரெண்டு கிலோ. மடியில சேந்தது போக மிச்சத்தை செவ்வாய்பேட்டை லீ பஜார்ல வாங்கிக்கோங்க, சில்லறையைவிட நல்லாவே குறையும். மாவை வெள்ளி ராத்திரியே கரைச்சுப் புளிக்க வெச்சிடுங்க. தை மாசக் குளிர்ல சீக்கிரம் புளிக்காது, அதனால வெள்ளி மதியமே கரைச்சாலும் நல்லது. சனி சாயங்காலம் அறுபது லிட்டர் தண்ணியில நொய்யை வேக விட்டு, குழைஞ்ச பிறகு மாவை ஊத்தணும். அதுல இருந்து ஒரு மணி நேரத்துக்குக் கை நிக்கக் கூடாது, அடி பிடிச்சா மொத்தமும் வாடை வந்துடும். ரெண்டு துடுப்பு, நாலு பேரு, மாத்தி மாத்திக் கிளறுங்க. ஈரக் கையால தொட்டா ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ராத்திரி பூரா ஆற விட்டு, காலைல மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைச்சுக்கோங்க.

பாத்திரக் கடையில ஒரே அண்டாவாக் குடுப்பாங்க, வாங்காதீங்க. நூறு லிட்டர் அண்டாவைத் தூக்க எட்டு ஆள் வேணும். அம்பது லிட்டர்ல ரெண்டா எடுங்க. கிளற ஆள் குறைஞ்சா எனக்கு ஒரு போன் போடுங்க, சனிக்கிழமை நானும் தம்பி பொண்டாட்டியும் பஸ் ஏறி வந்துடறோம்.